மலை மேல் மடமும் மருமகன் தொழிலும்

சென்ற ஐப்பசி மாதம் ஜேர்மனி தேசத்தில் மூன்று வாரம் தங்கியிருந்த கதையைச் சிறிது சிறிதாக இப்பகுதியில் எழுதிவருகிறேன். இதுவரை எழுதியவை நகரங்களையும் நூதனசாலைகளையும் பற்றியவை. இவ்வாரம் எழுதப்போவது, அப்பயணத்தின் உண்மையான காரணத்தைப் பற்றி. அதனை எழுதலாமோ என்று என் தமக்கையாரிடம் கேட்டேன். இரண்டு நாள் யோசித்தபின், “எழுது, பேர் மட்டும் போடாதை” என்று விடை தந்தார். ஆகவே பெயர்கள் இல்லை.

என் தமக்கையாரின் கணவர் குடியால் இறந்தவர். கள்ளில் தொடங்கியது, சாராயத்தில் வளர்ந்தது, கசிப்பில் முடிந்தது. நல்ல தச்சர், கைவேலை பார்க்க அயலூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அவர் மறைந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. அந்தப் பையனே பிற்காலத்தில் சிறிய தகப்பனாருடன் ஜேர்மனிக்குப் போய், பாஷை கற்று, தொழில் கற்று, மியூனிச் நகருக்குத் தெற்கே ஆல்ப்ஸ் மலையடிவாரத்துச் சிற்றூரொன்றில் வேலையில் அமர்ந்தவன். என்ன வேலை? பியர் காய்ச்சும் வேலை!

தாயாருக்கு இது தெரியவந்தபோது அவர் அழவில்லை, பேசவுமில்லை. ஊரிலே யாராவது விசாரித்தால் “சாப்பாட்டுச் சாமான் செய்யிற இடத்திலை நிக்கிறான்” என்று சொல்லிவந்தார். நான் புறப்படும்போது அவர் என்னிடம் ஒப்படைத்த பொறுப்பு ஒன்றே: “அவனைக் கண்டு, அந்தத் தொழிலை விடச் சொல்லிப்போட்டு வா.” நானும் வாழ்நாளில் மதுவைத் தொட்டறியாதவன், குடியினால் ஒரு குடும்பம் நிலைகுலைந்ததை நேரிற் கண்டவன். ஆகவே அப்பொறுப்பை மனமுவந்து ஏற்றுக்கொண்டேன்.

மருமகன் என்னைச் சனிக்கிழமை காலை தான் வேலை செய்யும் இடத்துக்கு அழைத்துச் சென்றான். நமது நாட்டிலே இத்தகைய இடங்களை எல்லாம் ‘வடிசாலை’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் பியரை யாரும் வடிப்பதில்லை. கொதிக்கவைத்து ஆவியை ஒடுக்கிச் சாரத்தைச் சேர்ப்பது சாராயத்துக்குரிய வேலை. பியர் வெறுமனே நொதிப்பது. நம் பனங்கள்ளைப் போல. இதை அவன் எனக்கு வாசலிலேயே சொல்லித் திருத்தினான்.

பெரிய ஆலை ஒன்றை எதிர்பார்த்துப் போனவனுக்கு ஏமாற்றம். நம்மூர்ச் சங்கக்கடைக் கிட்டங்கி அளவு கட்டடம். ஆறு பேர் வேலை. இரண்டு பெரிய செப்புக் கொப்பரைகள். அப்பால் உருக்குக் கலங்கள். சன்னலுக்கு வெளியே பசுக்கள் மேயும் புற்றரை. அதற்கு மேலே முதற்பனி விழுந்த மலைமுடிகள். கொப்பரையின் மூடியைத் திறந்து “மணந்து பாருங்கோ மாமா” என்றான். குனிந்து மணந்தேன். மதுவின் வாடையை எதிர்பார்த்த என் மூக்குக்கு எட்டியது என்ன தெரியுமா? புழுங்கல் அவிக்கும் மணம்! மாரி முடிந்து நெல் வந்ததும், முற்றத்து அடுப்பிலே பெரிய பானையில் நெல் அவியும்போது எழுமே, அந்த மணம். திகைத்து நின்ற என்னைப் பார்த்து அவன் சிரிக்கவில்லை. “நானும் முதல் நாள் இப்பிடித்தான் நிண்டனான்” என்றான்.

தொழிலின் முறையைச் சொல்கிறேன். மாணவர்கள் தங்கள் விஞ்ஞானப் புத்தகத்தோடு வைத்துப் பார்க்கட்டும். வாற்கோதுமையை நீரில் ஊறவிட்டு முளைகட்ட வைக்கிறார்கள், நாம் பயற்றை முளைகட்டுவதுபோல. முளைவரும் வேளையில் தானியத்துக்குள் நொதியங்கள் உண்டாகின்றன. உடனே சூளையில் உலர்த்தி முளையை நிறுத்திவிடுகிறார்கள். மெல்ல உலர்த்தினால் வெளிர்நிறம். கடுஞ்சூட்டில் வறுத்தால் கோப்பிநிறம். பியரின் நிறமெல்லாம் பெரும்பாலும் இந்தச் சூளையிலிருந்தே வருவது. பின்னர் அதனை உடைத்து, ஏறக்குறைய 60 பாகை முதல் 70 பாகை வரை சூடான நீரிற் கரைத்து வைத்தால், அந்நொதியங்கள் மாப்பொருளைச் சீனியாக மாற்றுகின்றன. நான் மணந்தது அந்தக் கரைசலையே. அதனை வடிகட்டி, ஹொப்ஸ் என்னும் கொடியின் கைப்பான பூக்களைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, மதுவம் இடுகிறார்கள். மதுவம் சீனியைத் தின்று மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் தருகிறது. வடிகட்டி எஞ்சிய சக்கை வெளியே நிற்கும் பசுக்களுக்கு.

பவேரியாவில் பெரும்பாலும் வழங்குவது குளிரில் வேலை செய்யும் மதுவம். அது கலத்தின் அடியில் தங்கி மெதுவாக நொதிக்கும்; அதன்பின் உறைநிலையை ஒட்டிய குளிரில் வாரக்கணக்காகக் கிடந்து முதிரவேண்டும். ‘லாகர்’ என்று உலகம் முழுவதும் சொல்கிறார்களே, அது ஜேர்மன் மொழியில் சேமித்து வைப்பதைக் குறிக்கும் சொல்லே. குளிரூட்டும் இயந்திரம் இல்லாத காலத்தில் கோடையில் பியர் பழுதாகிவிடும். அதனால் 1553ஆம் ஆண்டில், செப்ரெம்பர் 29 முதல் ஏப்ரில் 23 வரை மட்டுமே காய்ச்சலாம் என்று அந்நாட்டில் ஆணை பிறந்தது. கோடைக்கு வேண்டியதை நிலவறைகளில் பனிக்கட்டியோடு வைத்து, நிலவறையின் மேல் நிழலுக்காகக் கஷ்கொட்டை மரங்களை நட்டார்கள். அந்நிழலில் வாங்குகளைப் போட்டதே அந்நாட்டுப் பியர்த் தோட்டங்களின் பிறப்பு. 1870களில் லிண்டே என்னும் பொறியியலாளர் மியூனிச் பியர்ச்சாலை ஒன்றுக்காகக் குளிரூட்டும் இயந்திரம் அமைத்த பின்னர்தான் பருவக் கட்டுப்பாடு தேவையற்றுப் போயிற்று. நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கும் அதுவே ஒரு பாட்டன்.

இவ்வளவையும் கேட்டபின்னும் நான் என் பொறுப்பை மறக்கவில்லை. ஆயினும் அன்று வாய்திறக்க மனம் வரவில்லை. “நாளைக்கு ஞாயிறு; உங்களை ஒரு மடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன்” என்றான் மருமகன். மடம் என்றதும் எனக்கும் மகிழ்ச்சியே. அங்கே பேசிக்கொள்ளலாம் என்று எண்ணிக்கொண்டேன்.

அம்மடம் அந்தெக்ஸ் என்னும் இடத்தில் உள்ளது. மியூனிச்சிலிருந்து புறநகர்ப் புகையிரதத்தில் ஏறினால், அம்மர் ஏரிக்கரையிலுள்ள ஹேர்ஷிங் என்ற கடைசித் தரிப்பில் இறக்கிவிடும். அங்கிருந்து பஸ் வண்டியும் உண்டு, கால்நடையாகவும் போகலாம். “மாமா, ஒரு மணித்தியாலம் நடக்க ஏலுமோ?” என்று அவன் கேட்டதை என் வயதுக்கு விடுத்த சவாலாகக் கொண்டு, நடப்பதென்றே தீர்மானித்தேன். ஓடையோரமாகப் பீச் மரக்காட்டினூடே பாதை ஏறுகிறது. இலைகள் யாவும் செம்பொன் நிறம். முன்னும் பின்னும் குடும்பம் குடும்பமாகச் சனங்கள். கைக்குழந்தைகள், கிழவர்கள், நாய்கள். கதிர்காமத்துக்கு நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அந்தக் காட்சிதான், காவடி ஒன்றுதான் இல்லை.

‘திருமலை’ என்றே அக்குன்றை அவர்கள் அழைக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 700 மீற்றருக்குச் சற்று அதிகம். நுவரெலியாவிலோ பதுளையிலோ பிறந்தவர் பார்த்தால் இதை மேடு என்று சொல்லிச் சிரிப்பார். ஆயினும் உச்சியில் நின்று தெற்கே பார்த்தால் ஆல்ப்ஸ் மலைத்தொடர் சுவர்போல எழுந்து நிற்கிறது. ஜேர்மனியின் மிக உயர்ந்த சிகரமான சுக்ஸ்பிற்ஸ, 2962 மீற்றர், அதில் அடக்கம். நமது பீதுருதாலகாலை 2524.

திருச்சின்னங்களை வணங்க யாத்திரிகர் மிகப் பழங்காலந்தொட்டே வரும் தலம் இது. பவேரியப் பிரபு மூன்றாம் அல்பிறெக்ற் 1455ஆம் ஆண்டில் இங்கே பெனடிக்ற் சபைத் துறவியருக்கு மடம் அமைத்தார். 1669இல் மின்னல் விழுந்து தேவாலயம் எரிந்தது, மீண்டும் கட்டினார்கள். 1803இல் அரசாங்கம் மடங்களைக் கைப்பற்றியபோது துறவிகள் வெளியேற்றப்பட்டார்கள். பிற்பாடு முதலாம் லூட்விக் மன்னர் இவ்விடத்தை விலைக்கு வாங்கி, மியூனிச்சில் தாம் நிறுவிய புனித பொனிபாசியார் மடத்துக்கு வருவாய்க்குரிய சொத்தாகக் கொடுத்தார். அது 1850ஆம் ஆண்டு. அன்றுமுதல் இன்றுவரை மடத்தின் பியர்ச்சாலையே மடத்துக்குச் சோறு போடுகிறது. இப்பொழுது காய்ச்சும் வேலையைச் செய்வோர் சம்பளம் பெறும் தொழிலாளர். கட்டடமும் பொறிகளும் நவீனமானவை. உடைமை மட்டும் துறவியருடையது.

தேவாலயத்துள் சென்றோம். வெண்மையும் பொன்னுமாக, கண் கூசும் வேலைப்பாடு. பக்கத்துச் சிற்றாலயம் ஒன்றில் கார்ல் ஓர்ப் என்ற இசைமேதையின் சமாதி இருக்கிறது; 1982இல் மறைந்தவர். ‘கார்மினா புறானா’ என்ற அவருடைய புகழ்பெற்ற இசைக்கோவையில் குடிகாரர்கள் மதுக்கடையில் பாடும் பாட்டும் ஒன்று. அப்பேர்ப்பட்டவருக்குச் சமாதி, பியர் காய்ச்சும் மடத்தில் அமைந்தது பொருத்தமோ தற்செயலோ, நான் அறியேன்.

வெளியே வந்தால் சில அடி தூரத்தில் மடத்தின் போசனசாலை. ஞாயிறு நண்பகல், உள்ளும் புறமும் நூற்றுக்கணக்கானோர். நீண்ட பலகை வாங்குகளில் முன்பின் அறியாதவர்கள் தோளோடு தோள் உரசி அமர்ந்திருந்தார்கள். பரிசாரகர் இல்லை, வரிசையில் நின்று நாமே வாங்கிவர வேண்டும். பொரித்த பன்றிக்காலை நிறுத்துப் பார்த்து விலை சொல்கிறார்கள். நான் சைவ போசனி. உருளைக்கிழங்குக் கறிக்கலவை ஒன்று கண்ணுக்கு நன்றாயிருந்தது. எடுக்கப்போனவனை மருமகன் தடுத்துவிட்டான். “அதுக்கை இறைச்சி அவிச்ச தண்ணி விடுறவை மாமா.” நல்ல வேளை! ஆகவே எனக்குக் கிடைத்தவை, முகத்தளவு பெரிய முறுக்குப் பாண், அதாவது ‘பிறெற்செல்’. உப்பிட்டுச் சுருள்சுருளாக அரிந்த வெள்ளை முள்ளங்கி. பாற்கட்டியையும் வெண்ணெயையும் வெங்காயத்தையும் பிசைந்த ஒரு துவையல். மிளகாய்த்தூள் போட்டதுபோல் சிவந்திருந்தது. காரம் மட்டும் கடுகளவும் இல்லை. ஆனாலும் முள்ளங்கியும் பாணும் அந்தக் குளிரில் அமிர்தமாயிருந்தன என்பதை ஒளிக்காமற் சொல்லவேண்டும். குடிக்க எனக்கு அப்பிள் சாறும் சோடாவும். அவன் தனக்கு அரை லீற்றர்ப் பியர் வாங்கிவந்தான்.

எதிரே ஒரு பாட்டி, மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள். பிள்ளைகளுக்கு எலுமிச்சைச் சோடா. பாட்டிக்கு அவன் குடித்த அதே பியர். சத்தமில்லை, சண்டையில்லை. நம் ஊர்த் தவறணையின் வேலிக்கு அப்பால் நின்று தகப்பனை வீட்டுக்கு அழைக்கும் பிள்ளைகளின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. அந்தப் பிள்ளைகளில் ஒருவன் இப்பொழுது என் பக்கத்தில் அமர்ந்திருந்தான்.

அதற்காக அங்கே எல்லாம் ஒழுங்கென்று எழுதினால் நான் பொய்யனாவேன். அப்பால் ஒரு வாங்கில் இளைஞன் ஒருவன் நிலைதப்பி, தோழர் இருவர் தாங்கிப்பிடிக்க வெளியே போனான். இம்மடத்தில் காய்ச்சும் கடும்நிறப் பியர் ஒன்றில் மதுசாரம் நூற்றுக்கு 7.1 பங்கு, சாதாரணமானதில் 4.8. குடியால் கெட்ட குடும்பங்கள் ஜேர்மனியிலும் உண்டு. இவ்வருவாயைக் கொண்டு துறவிகள் மியூனிச்சில் வீடற்றோருக்கு உணவும் மருத்துவமும் அளிக்கிறார்கள் என்று மருமகன் சொன்னபோது, “அந்த வீடற்றோரில் எத்தனை பேர் குடியால் வீடிழந்தவர்களோ?” என்று கேட்டேன். “அதுவும் இருக்கும்” என்றான். மறுக்கவில்லை.

துறவியர் மது காய்ச்சுவது நம்மவர்க்கு விபரீதமாகப் படும். உண்மையில் அவர்களுக்கும் அது முழு மனச்சமாதானமாயிருந்ததில்லை. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ற் அடிகள் வகுத்த ஒழுக்க விதியிலேயே இச்சங்கடம் தெரிகிறது. துறவிக்கு மது ஆகாது என்று சொல்லத்தான் அவருக்கும் விருப்பம். ஆனால் தம் காலத்துத் துறவிகள் அதை ஏற்கமாட்டார்கள் என்று கண்டு, நாளுக்கு இவ்வளவு என்று அளவு குறித்து, மட்டுமீற வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார். பிற்காலத்தில் நோன்பு நாட்களில் உணவுதான் விலக்கு, பானம் விலக்கன்று என்று நியாயம் கண்டு, கனத்த பியரைக் காய்ச்சி அதையே ‘திரவப் பாண்’ என்றார்களாம். விரதத்தன்று அவல், பழம், பால் என்று வயிறு நிரம்ப உண்ணும் நாம் இதைக் கேட்டுச் சிரிப்பதற்கு அதிகம் உரிமையில்லை!

1516ஆம் ஆண்டில் பவேரியப் பிரபு நான்காம் வில்ஹெல்ம் இட்ட சட்டத்தையும் சொல்லவேண்டும். பியரில் வாற்கோதுமை, ஹொப்ஸ், நீர் இம்மூன்றைத் தவிர வேறொன்றும் சேரலாகாது என்பது சட்டம். மதுவத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஏனெனில், நொதிக்கச் செய்வது ஓர் உயிர் என்பது அக்காலத்தில் ஒருவருக்கும் தெரியாது. லூயி பாஸ்ரர் அதை நிறுவியது 1850களின் பிற்பகுதியில். ஆனால் அறியாமலே ஆளத் தெரிந்தவர்கள் எங்கும் உண்டு. நம் சீவல்தொழிலாளி முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் கருப்பநீர்; தடவாவிட்டால் கள். சுண்ணாம்பு மதுவத்தை வளரவிடாது என்று அவருக்கு எந்தப் பாஸ்ரர் சொல்லிக்கொடுத்தார்? இதை நான் சொன்னதும் மருமகனின் முகம் மலர்ந்தது. தான் கற்ற மூன்றாண்டுப் பயிற்சியில் ஆசிரியரிடம் இதைச் சொல்லி, வகுப்பே வியந்ததாகச் சொன்னான்.

நல்ல சமயம் என்று எண்ணி அப்போது கேட்டேன். “தம்பி, உலகத்திலை எத்தனையோ தொழில் இருக்க, கொப்பரைக் கொண்டதை நீ ஏன் காய்ச்சிறாய்?”

அவன் உடனே விடை சொல்லவில்லை. கிண்ணத்தை மேசைமேல் சற்றுத் தள்ளிவைத்தான். “அப்பா குடிச்சதிலை என்ன கிடந்ததெண்டு ஆருக்கும் தெரியாது மாமா. காய்ச்சினவனுக்கும் தெரியாது. குடிச்சவருக்கும் தெரியாது. எவ்வளவு எண்டும் இல்லை, எப்ப நிப்பாட்டிறதெண்டும் இல்லை. நான் செய்யிறதிலை என்ன இருக்கெண்டு ஒவ்வொரு கலத்துக்கும் எழுதி வைக்கிறன். எனக்கு அதுதான் பிடிச்சது.” சிறிது நேரம் கழித்து, “இது சரியெண்டு நான் சொல்லேல்லை. அம்மாவுக்கு விளங்காதெண்டும் தெரியும்” என்றான்.

நான் மனப்பாடம் செய்துகொண்டு போன புத்திமதிகள் பல. அவற்றுள் ஒன்றும் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. வேறு தொழில் பார் என்று சொன்னேன்தான். தமக்கையாருக்குக் கொடுத்த வாக்கல்லவா? ஆனால் சொன்ன விதத்திலேயே பலமில்லை என்பது எனக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது. நாங்கள் எழும்பியபோது இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது. அவனுடைய கிண்ணத்தில் மூன்றிலொரு பங்கு அப்படியே இருந்தது. அதை நான் கவனித்தேன் என்பதை அவன் கவனித்தானோ தெரியாது.

நுவரெலியாவிலும் ஒரு காலத்தில் இப்படி மலைக்குளிரை நம்பி ஒரு பியர்ச்சாலை இருந்தது. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1849இல் அங்கே காய்ச்சத் தொடங்கினார், பிற்பாடு அது கம்பனியாயிற்று, பின்னர் குளிரூட்டும் இயந்திரத்தின் துணையோடு மலையிறங்கிப் பியகமவுக்கு வந்துவிட்டது. அதன் வாசலால் எத்தனையோ முறை மூக்கைப் பொத்திக்கொண்டு போயிருக்கிறேன். ஒரு முறையாவது கையை எடுத்திருந்தால் புழுங்கல் மணத்தை அங்கேயே கண்டிருப்பேனோ என்னவோ.

புறப்படும் நாளில் மருமகன் என் பெட்டிக்குள் ஒரு பொட்டலத்தை வைத்தான். வறுத்த வாற்கோதுமை முளைத்தானியம், ஒரு கிலோ. அந்நாட்டில் அதை அரைத்துக் கோப்பிபோல் குடிக்கும் வழக்கம் உண்டு. மதுசாரம் ஒரு துளியும் இல்லாதது. “அம்மாட்டைக் குடுங்கோ. வேண்டாமெண்டால் கோழிக்குப் போடட்டும்” என்றான்.

வீடு வந்து, நடந்ததை நடந்தபடியே சொன்னேன். தமக்கையார் இடையில் ஒன்றே ஒன்று கேட்டார்: “அவன் குடிக்கிறவனோ?” அரை லீற்றர் வாங்கியதையும் மூன்றிலொரு பங்கு மிச்சம் விட்டதையும் சொன்னேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. பொட்டலம் குசினித் தட்டில் ஒரு மாதம் பிரிக்கப்படாமலே கிடந்தது.

தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் அங்கே போயிருந்தேன். முற்றத்தில் உரலிடிக்கும் சத்தம். சிறிது நேரத்தில் தமக்கையார் எனக்கும் பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கும் மூக்குப்பேணியில் கறுப்பாக ஏதோ கொண்டுவந்து தந்தார். கையில் பனங்கட்டித் துண்டு. பக்கத்து வீட்டார் ஒரு மிடறு குடித்து, “மல்லிக் கோப்பியோ அக்கா? வேறை மணமாக் கிடக்குது” என்றார்.

“மகன் அனுப்பினவன்,” என்றார் தமக்கையார். “அவன் பியர் காய்ச்சிற இடத்துத் தானியம்.”